மூன்றாம் தாள்

ஜனவரி 9

அன்புள்ள சிட்டுவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் சாப்பாட்டு மேசையில் இருந்தவர்கள்: உன் அத்தான், அவருடைய ஆய்வகத்து உதவியாளர், என் மாமியார், நான். நாலே பேர். உன் இடத்தில் மடிக்காத துணி உட்கார்ந்திருந்தது.

உதவியாளருக்கு அத்தான் வைத்திருக்கும் பெயர் சோப்பு. நாற்பதை நெருங்குகிற மனிதர். எதைத் தொட்டாலும் நாலு தரம் கழுவுவாராம். நான் வைத்த தட்டைக்கூட வெளிச்சத்தில் ஒரு முறை சாய்த்துப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். விசேஷம் என்னவென்றால், இரண்டு வருஷமாக அளந்துகொண்டிருந்ததை எழுதி முடித்து, அத்தான் தன் ஆராய்ச்சிப் பேப்பரை ஜர்னலுக்கு அனுப்பிவிட்டார். பேசாத மனிதர் அன்று குக்கர் விசிலையும் மீறிப் பேசினார். மாமியாருக்குக் காது மந்தம் என்று உனக்குத் தெரியுமே.

"என்னடா, உப்பு கம்மியா?"

"கம்மி இல்லம்மா, ஜாஸ்தி. உப்பு ஜாஸ்தியானா என்ன ஆகுதுங்கறதுதான் விஷயமே."

"எனக்கு டாக்டர் உப்பே ஆகாதுங்கறார். நீ ஜாஸ்தி போட்டு யாருக்குக் கொடுக்கறே?"

பிறகு சோப்புவின் தோளில் தட்டி அத்தான் சொன்னார்: "மூணாம் நாள்லதாண்டா நமக்கு விடிஞ்சுது. முதல் ரெண்டுலயும் ஒண்ணும் இல்ல. மூணாவதுல பாரு, அவ்வளவு தூரத்துல இருக்கும்போதே தள்ளுது." சோப்பு சிரிக்கவில்லை. "மூணையும் எழுதியிருக்கலாம் சார்" என்றார். "எழுதலாம், எழுதலாம். முதல்ல சாப்பிடு."

வீட்டுக்கணக்கு எழுதுகிறவளுக்கு ஒரு வியாதி உண்டு. கேட்டதைக் கேட்டபடி எழுதாவிட்டால் கை அரிக்கும். எழுதிவிட்டேன், அர்த்தம் நீ சொல். இரட்டை அடுக்கு, இரட்டை அடுக்கு என்கிறார்களே, அது என்ன? எல்லோரும் சிரித்து முடித்த பிறகு சிரிப்பது எனக்கு அலுத்துவிட்டது.

உன் கழுத்து வலி எப்படி இருக்கிறது? போனில் கேட்டால் "ம்" என்பாய். எழுது. ஆண்டவன் உன் பக்கத்தில் நிற்கட்டும்.

அக்கா


ஜனவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

கழுத்து தேவலை. நீயும் அத்தானும் உன் மாமியாரும் சௌக்கியமா?

மின்னூட்டம் ஏறிய ஒரு சுவர் உப்புத் தண்ணீரில் நிற்கிறது என்று வைத்துக்கொள். கணினியில் மாதிரி போட்டுப் பார்க்கிற நாங்கள் அதைச் சுவர் என்றுதான் சொல்வோம். உப்பு கரைந்தால் கூட்டல் அயனி, கழித்தல் அயனி என்று இரண்டாகப் பிரியும். சுவர் கழித்தல் என்றால் கூட்டலெல்லாம் ஓடிவந்து மொய்க்கும். சுவர் ஓர் அடுக்கு, மொய்த்தது ஓர் அடுக்கு. அதுதான் இரட்டை மின்னடுக்கு. மொய்த்த கூட்டம் மறைத்துவிடுவதால், தள்ளி இருப்பவனுக்குச் சுவர் இருப்பதே தெரியாது.

உப்பு கொஞ்சமாக இருந்தால் பழைய கணக்கு போதும். அது அயனியை உடம்பில்லாத வெறும் புள்ளியாக நினைக்கிறது. உப்பைக் கொட்டினால்தான் வம்பு. அப்போது எல்லோருக்கும் உடம்பு உண்டு, இடித்துக்கொள்வார்கள். தேவைக்குமேல் கூட்டல் வந்துவிடும். அதைச் சரிக்கட்டக் கழித்தல் ஒரு வரிசை, அதன்மேல் மறுபடி கூட்டல் ஒரு வரிசை. என் கணக்கில் இந்த வரிசைகள் நாலைந்தோடு அடங்கிவிடுகின்றன. அத்தானைப் போல அளந்து பார்ப்பவர்களில் சிலர், அதைப்போல் பத்து மடங்கு தள்ளியும் சுவர் தெரிகிறது என்கிறார்கள். யார் சரி என்று இன்னும் முடிவாகவில்லை.

ஒன்று கேட்கிறேன். அத்தான் மூன்றாம் நாள் என்றா சொன்னார்? நிச்சயமா? அப்படியானால் அது உப்பின் குணமா, நாளாக ஆகச் சேர்ந்த அழுக்கா என்று கேள்வி வரும். நான் கேட்டதாக அவரிடம் சொல்லாதே. வீட்டில் வளர்ந்த கழுதை வீட்டுக்காரரையே உதைக்கிறது என்பார்.

என் மேசைக்கு ஒரு வேலை வந்திருக்கிறது. ஒத்துக்கொள்ளலாமா, திருப்பி அனுப்பலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். பெரிதாக ஒன்றும் இல்லை.

உன்
சிட்டு


பிப்ரவரி 12

அன்புள்ள சிட்டுவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். மாமியாருக்கு மட்டும் சாப்பாட்டின் மேல் கோபம்.

நீ எழுதியது புரிந்துவிட்டது. சரியா என்று பார். கோபக்காரன் ஒருவன் நடுவீட்டில் கத்துகிறான். சமாதானம் சொல்ல நாலு பேர் வந்து சூழ்ந்துகொண்டால் சத்தம் வாசலோடு நின்றுவிடும், தெருவில் போகிறவனுக்குக் கேட்காது. ஆனால் வரவேண்டியதைவிட அதிகம் பேர் வந்துவிட்டால், சமாதானம் சொல்ல வந்தவர்களைச் சமாதானம் செய்ய இன்னொரு கூட்டம் வேண்டும். அப்புறம் அவர்களுக்கு. இந்த ரகளை தெருமுனை வரை கேட்கும் என்கிறார் அத்தான், நாலு வீட்டோடு அடங்கிவிடும் என்கிறாய் நீ. சரிதானே?

நாள் என்றுதான் சொன்னார். என் காது என் கணக்கு மாதிரி, தப்பாது. மூணாம் நாள், விடிஞ்சுது, இரண்டும் அவர் வாயிலிருந்து வந்தவை.

ஒரு வேலையைப் பற்றி எழுதியிருந்தாய். செய்யலாமா என்று நம்மையே கேட்டுக்கொள்ளும் வேலைகளில் முக்கால்வாசிக்குப் பதில் முன்பே தெரிந்திருக்கும். பிரார்த்தனையில் வைத்துப் பார். எனக்கு அங்கே உட்கார்ந்தால் பொய் வருவதில்லை.

உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும்
அக்கா


ஏப்ரல் 3

சிட்டு,

உன்னிடமிருந்து கடிதமே இல்லை. நலமாகத்தான் இருப்பாய் என்று நானே சொல்லிக்கொள்கிறேன்.

அத்தானின் பேப்பர் கேள்விகளோடு திரும்பி வந்திருக்கிறது. படித்துப் பார்த்த மூவரில் இருவர் நல்லபடியாக எழுதியிருக்கிறார்கள். படிப்பவர்கள் யாரென்று சொல்லமாட்டார்களாம். மூன்றாமவர் கேட்டிருக்கிறார்: இந்த விளைவு மூன்றாம் நாளில்தான் தோன்றுகிறதா? முதல் இரண்டு நாள் அளவுகள் எங்கே?

அத்தான் அதைத் தமிழில் சொன்னபோது நான் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தேன். வாயில் கிளிப்.

"மூணாம் நாளாம். எந்த நாளு? பேப்பர்ல நாளைப் பத்திப் பேச்சே கிடையாது. நான் சொன்னது தாள். மைக்கா தாள். அப்ரகத்துலேர்ந்து ஜோடி ஜோடியா உரிச்சு, உப்புத் தண்ணில ஒண்ணையொண்ணு தள்ளுதான்னு பார்க்க மிஷின்ல மாட்டுவோம். மூணாந் தாள்ல வந்துச்சுன்னு சொன்னேன். அதுவும் எங்கே? நம்ம மேசையில, நம்ம நாலு பேருக்குள்ள."

மாமியார் நிமிர்ந்து பார்த்தார். "என்னைப் பார்க்காதே. எனக்கு நீ சொன்னது எதுவுமே கேக்கலை."

"உன்னை இல்லம்மா. இதை எழுதினவன் தமிழ்க்காரன். தாளை நாள்னு கேட்க வேற எந்த பாஷைக்காரனுக்கும் காது கிடையாது. சோப்போட கூடப் படிச்சவன் ஒருத்தன் இதே வேலைல இருக்கான். சோப்பு அவன்கிட்ட போன்ல உளறியிருக்கான். அப்பவே மூஞ்சியைத் தூக்கி வெச்சிருந்தானே, மூணையும் எழுதணும்னு."

"தமிழ்க்காரின்னா நம்ம சிட்டுகூடத்தான்" என்றார் மாமியார். வேண்டாத நேரத்தில் அவருக்குக் காது நன்றாகக் கேட்கும்.

"சிட்டுவா? அவளுக்கு வந்திருந்தா அன்னிக்கே திருப்பி அனுப்பியிருப்பா. சொந்தக்காரன் பேப்பரைத் தொடக்கூடாதுங்கறது முதல் பாடம். நான் சொல்லிக்கொடுத்தது."

கிளிப்பை வாயிலிருந்து எடுக்காமலே நின்றேன். தாளை நாள் என்று கேட்டது எந்தக் காது என்று எனக்குத் தெரியாதா? இந்த வீட்டில் அதை யாரும் தாள் என்று சொல்லி நான் கேட்டதில்லை. நீ சுவர் என்றாய். நான் தகடு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சோப்புவைக் கருவி இருக்கும் அறைக்குள் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஜூனோடு அவருடைய வேலைக்காலம் முடிகிறது. நீட்டிக்கச் சொல்லி அத்தான் எழுதமாட்டாராம்.

என் கடிதத்தை யாருக்காவது படித்துக் காட்டினாயா? விளையாட்டாக யாரிடமாவது சொன்னாயா? உடனே எழுது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

அக்கா


ஏப்ரல் 24

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். இங்கே என் பதவியை நீட்டிப்பது பற்றி அடுத்த மாதம் முடிவு சொல்கிறார்கள். அதனால் ஓட்டம். உடம்புக்கு ஒன்றும் இல்லை.

உன் கடிதத்தை யாருக்கும் காட்டவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. இது சத்தியம்.

தாள் என்றால் ஒவ்வொரு முறையும் புதிதாக உரித்த ஜோடிதானே? அப்படியானால் முதல் இரண்டு ஜோடியிலும் அந்தத் தூரத்து விசை வரவே இல்லையா, அல்லது குறைவாக வந்ததா? மூன்றையும் எழுதலாம் என்று உதவியாளர் சொன்னது அதைத்தானா? அத்தான் பதில் எழுதி அனுப்பிவிட்டாரா? தெரிந்ததை எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள். சாப்பிடு.

சிட்டு


மே 8

சிட்டு,

உன் கடிதத்தை மளிகைச் சீட்டைச் சரிபார்ப்பதுபோலப் பார்த்தேன். ஒரு மனிதருக்கு வேலை போகிறது என்று எழுதியிருந்தேன். அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. தாளைப் பற்றி மூன்று கேள்வி. யாரிடமும் சொல்லவில்லை என்று சத்தியம் செய்கிறாய். நம்புகிறேன். யாரிடமும் சொல்லாமலே அந்தக் கேள்வி ஜர்னலுக்குப் போக ஒரே ஒரு வழிதான் இருக்கிறது.

நீதானா?

தாளைப் பற்றி இனி நான் எழுதமாட்டேன். தெரியாமல் செய்தது ஒன்று போதும்.

அத்தான் பதில் அனுப்பிவிட்டார். நாளுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, முதல் நாளும் பத்தாம் நாளும் ஒன்றுதான் என்று. அது உண்மைதானாம்.

சோப்பு சாவியைக் கொடுக்க வந்தார். அத்தான் குளியலறையிலிருந்து வெளியே வரவில்லை. "மேசைல வெச்சிட்டுப் போகச் சொல்லு" என்று குரல் மட்டும் வந்தது.

"சாப்பிட்டுப் போங்க" என்றேன்.

"வேணாம் மேடம். தண்ணி போதும்."

டம்ளரை வாங்கி, தானே தொட்டிக்குப் போய்க் கழுவிவிட்டு நீட்டினார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்தது. "உப்புத் தின்னவன் தண்ணி குடிச்சுத்தானே ஆகணும்." உப்போடு பிழைப்பு நடத்துகிறவர் சொன்ன வேடிக்கை. என்னால் சிரிக்க முடியவில்லை. தின்றது அவர் இல்லையே.

"நான் யார்கிட்டயும் பேசல மேடம். சார்கிட்ட மட்டும்தான் சொன்னேன், மூணு தாளையும் போட்டுடலாம்னு. நாலு தரம் சொன்னேன். எதையும் நாலு தரம் செய்யறதுதான் என் வியாதியாச்சே."

"தெரியும்" என்றேன்.

எப்படித் தெரியும் என்று அவர் கேட்கவில்லை. தண்ணீரைக் குடித்துவிட்டு, டம்ளரை மறுபடி கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார். படி இறங்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். கூப்பிடவில்லை.

பதில் போடு.

அக்கா


ஜூன் 15

அக்கா,

நான்தான்.

பேப்பர் என்னிடம் வந்தபோது அத்தான் பெயரைப் பார்த்தேன். திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். அத்தானுடைய உப்பைத் தின்று, அவர் வீட்டு மேசையில் உட்கார்ந்து படித்தவள் நான். என் குடும்பப் பெயர் வேறு, அதனால் ஜர்னலுக்கு உறவு தெரியாது. வைத்துக்கொண்டேன். நாலு வருஷமாக இந்தக் கணினி மாதிரியைக் கட்டுகிறேன். அயனிக்கு உடம்பு கொடுத்து, இடிக்கவிட்டு, ஒவ்வொரு வரிசையாக எண்ணிப் பார்த்தேன். எப்படிப் போட்டாலும் நாலைந்தோடு அடங்குகிறது. அத்தானின் பேப்பர் அச்சானால் என் மாதிரி தப்பு என்று ஆகும். அதை யாரோ ஒருவர் மேம்போக்காகப் பார்த்து அனுப்பிவிடுவாரோ என்று பயம். நான் பார்த்தால் நியாயமாகப் பார்ப்பேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். நீ எழுதியது கையில் இருந்தது. கேட்டுவிட்டேன்.

இன்னும் இருக்கிறது. அத்தானின் பதில் மறுபடி என்னிடமே வந்தது. அதற்குள் தாள் என்று உன்னால் எனக்குத் தெரிந்துவிட்டது. சரியான கேள்வி இப்போது என்னிடம் இருந்தது. கேட்டால் நம் வீட்டிலிருந்து போனது என்று அத்தான் கண்டுபிடித்துவிடுவார். பதில் திருப்தியாக இருக்கிறது என்று எழுதி அனுப்பினேன். எனக்குத் திருப்தி இல்லை. என் நாலு வருஷத்துக்கு எதிராக நானே கையெழுத்துப் போட்டேன்.

பதவியை ஒரு வருஷம் நீட்டித்திருக்கிறார்கள். நீ சொல்லிவிட்டால் அது நிற்காது. சொல்லாதே அக்கா. உதவியாளருக்கு வேறு இடம் கிடைத்துவிடும், கைத்திறன் உள்ளவர்.

நீ எழுதாமல் இருந்திருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது. அதையும் நினைத்துப் பார்.

சிட்டு


ஜூலை 2

சிட்டு,

நினைத்துப் பார்த்தேன். நியாயம்தான். சாப்பாட்டு மேசையில் சொன்னதை மேசையைத் துடைக்கும்போது துடைத்திருக்க வேண்டும். எழுதினேன். நீ நிச்சயமா என்று கேட்டபோதாவது, எதற்குக் கேட்கிறாய் என்று கேட்டிருக்க வேண்டும். என் காதைப் பற்றிப் பெருமையடித்துக்கொண்டு மறுபடியும் எழுதினேன்.

அதைவிடப் பெரிய தப்பு ஒன்று உண்டு. ஏப்ரல் முதல் எனக்குத் தெரியும். "நாள்னு கேட்டது நான்" என்று மூன்று சொல் சொல்லியிருந்தால் சோப்பு அன்றே தப்பித்திருப்பார். முதலில் அத்தானுக்குப் பயந்து சொல்லவில்லை, அப்புறம் உனக்காகச் சொல்லவில்லை. இரண்டையும் ஒரே வரியில் எழுதிப் பாசம் என்று பெயர் வைத்துக்கொண்டேன். கணக்கு எழுதுகிறவள் செய்கிற காரியமா இது?

ஜர்னல் பேப்பரை ஏற்றுக்கொண்டுவிட்டது. அத்தான் சட்டை மாற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்து அவர்கள் கடிதத்தை இரண்டு தரம் படித்தார். சந்தோஷப்படுகிற முகமாக இல்லை. சோப்பு போய்விட்டார். மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றில் கண்ணாடி துடைக்கிறாராம்.

தினமும் பிரார்த்தனையில் அந்த மனிதருக்கு நல்ல வழி காட்டு என்று வேண்டிக்கொண்டிருந்தேன். நேற்றுப் பாதியில் வெட்கமாகிவிட்டது. வழியை மறித்துக்கொண்டு நிற்பவளே வழி காட்டச் சொல்லி வேண்டினால் ஆண்டவன்தான் என்ன செய்வான்?

அத்தானிடம் சொல்லப்போகிறேன். உன்னிடம் அனுமதி கேட்கவில்லை, முன்கூட்டித் தெரிவிக்கிறேன். அதற்குள் நீயே சொல்லிவிட்டால் உனக்கு நல்லது.

அக்கா


ஆகஸ்ட் 11

அன்புள்ள சிட்டுவுக்கு,

இந்தக் கடிதமும் உன்னை நலமாகவே பார்க்கட்டும். உன்னிடமிருந்து பதில் வரவில்லை. காத்திருந்து பார்த்துவிட்டுச் சொல்லிவிட்டேன்.

அத்தான் மின்கெட்டிலின் அடியில் படிந்த உப்பைக் கரண்டியால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"அந்த மூணாம் நாள், நான்தான்" என்றேன்.

"என்ன நாள்?"

"தாளை நாள்னு கேட்டவ நான். அப்படியே சிட்டுவுக்கு எழுதினேன். ரெண்டு தரம். அந்தப் பேப்பர் அவகிட்டதான் போயிருக்கு."

சுரண்டுகிற சத்தம் நின்றது. திட்டுவார் என்று நின்றுகொண்டிருந்தேன். கெட்டிலைக் கவிழ்த்துத் தட்டினார். மறுபடி தட்டினார்.

"சோப்பு இல்லையா?"

"இல்ல."

"திருப்தின்னு எழுதினது அவளா?"

"ஆமா. தாள்னு தெரிஞ்சப்புறம்."

அன்று அவர் சாப்பிடவில்லை. மறுநாள் காலை காபியைக் கொண்டுபோய் வைத்தபோது தானாகப் பேசினார். "உன் காதுல ஒழுங்கா விழுந்திருந்தா என்னால பதில் எழுதியிருக்கவே முடியாது. நாள்னு கேட்டதால இல்லைன்னு எழுதினேன். அந்தப் பதில்ல ஒரு பொய் கிடையாது, தெரியுமா?"

"அதான் கஷ்டம்" என்றேன்.

"முதல் ரெண்டு தாள்லயும் அது இல்ல. தாள் சரியா உரியலைன்னு நினைச்சேன். நினைச்சேன்னு சொல்றேனே, நினைச்சுக்கிட்டேன். சோப்பை எந்த மூஞ்சியோட போய்க் கூப்பிடறது?"

"இருக்கற மூஞ்சியோடதான். வேற எங்க போய் வாங்கறது?"

போனார். நானும் கூடப் போனேன். கடையில் மூக்குக்கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்த சோப்பு எழுந்து நின்றார். நாள் என்று கேட்டு எழுதியவள் நான் என்று அவரிடம் நானே சொன்னேன். கையிலிருந்த கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "பரவால்ல மேடம்" என்பார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. எனக்கு அது வேண்டியதுதான். அத்தானைப் பார்த்து, "மூணு தாளும் பேப்பர்ல வந்தா வர்றேன் சார்" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

அன்றிலிருந்து அத்தான் பேப்பரை மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். "அவ முதல்ல எழுதட்டும். இப்ப நான் நிறுத்தினா ஏன்னு கேட்பாங்க, அவ பேரு வெளிய வரும். அவளே சொல்லிட்டா நான் மூணு தாளையும் போட்டுடறேன்" என்கிறார். உன்னைக் காப்பாற்றுகிறாராம். பாதி உண்மை. மீதி சாக்கு என்று அவருக்கே தெரியும். அவர் சொல்லட்டும் என்று நீ பேசாமல் இருக்கிறாய். நீ சொல்லட்டும் என்று அவர் இருக்கிறார். நடுவில் ஒரு மனிதர் கண்ணாடி துடைக்கிறார்.

பேப்பர் அடுத்த மாதம் அச்சுக்குப் போகிறது. நீ ஜர்னலுக்கு எழுத வேண்டியது இரண்டே விஷயம்: நீ அவருடைய மச்சினி, திருப்தி இல்லாமல் திருப்தி என்று எழுதினாய். இந்த மாதக் கடைசிக்குள் நீ எழுதாவிட்டால் நான் எழுதுவேன். முகவரியை அத்தானிடமே கேட்டு வாங்கிவிட்டேன். எதற்கு என்று கேட்டார், சொன்னேன். தடுக்கவில்லை. எனக்கு ஆங்கிலம் வராது. தமிழில்தான் எழுதுவேன். யாரையாவது வைத்துப் படித்துக்கொள்ளட்டும். முதலில் நான் செய்ததை எழுதி, அப்புறம்தான் உன்னுடையதையும் அவருடையதையும் எழுதுவேன்.

முதல் இரண்டு தாளிலும் ஒன்றும் இல்லையென்றால் உன் கணக்குதான் சரி என்று ஆகுமா, அல்லது மூன்றாவதில்தான் நிஜம் இருக்கிறதா, எனக்குத் தெரியாது. மூன்றையும் பார்த்தால் யாராவது ஒருவருக்குத் தெரியும்.

உனக்கு வேலை போனால் இங்கே வந்துவிடு. அத்தான் கொஞ்ச காலம் முகம் கொடுக்கமாட்டார். மாமியார் உப்பில்லாத சாப்பாட்டில் பங்கு கொடுப்பார். நான் இருக்கிறேன். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுதினால் அது பொய். ஆனால் உன் கழுத்து வலியைத் தினமும் நினைத்துக்கொள்கிறேன்.

எழுதுவாயா, மாட்டாயா? அது ஒன்றுக்கு மட்டும் சீக்கிரம் பதில் போடு.

அக்கா